சூடானதும் பலம் குறையும் பொக்லைன்: பம்பைக் கழற்றச் சொல்கிறார்களா?

கேள்வி: எங்கள் 20 டன் பொக்லைன் கல் குவாரியில் ஓடுகிறது. காலையில் நன்றாக வேலை செய்கிறது. வெயில் ஏறி வண்டி சூடானதும் பூம், ஆர்ம், பக்கெட் எல்லாமே மந்தமாகிவிடுகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிறது. மானிட்டரில் இரண்டு மூன்று எர்ரர் கோடு வந்து வந்து போகிறது. ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். தவணை வேறு ஓடுகிறது. என்ன செய்வது?

பதில்: பம்பைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள், இப்போதைக்கு. எர்ரர் கோடு வருகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மெக்கானிக் முதலில் பார்த்திருக்க வேண்டியதே அதைத்தான். பம்ப் உள்ளே தேய்ந்தால் பெரும்பாலும் மானிட்டருக்கு அது தெரியவே தெரியாது. கோடு வருகிறதென்றால் வயர், சென்சார், காயில் ஆகியவற்றில் ஏதோ ஒன்று முறையிடுகிறது.

பூமையும் பக்கெட்டையும் அசைக்கும் ஆயிலை பம்ப் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை இன்றைய வண்டிகளில் கன்ட்ரோலர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர், தீர்மானிக்கிறது. பம்பின் மேலிருக்கும் சின்ன சோலனாய்டு வால்வுக்கு (கரன்ட்டால் இயங்கும் வால்வு, உள்ளே ஒரு காயில் இருக்கும்) அது கரன்ட் அனுப்புகிறது. பொதுவாக ஒரு ஆம்பியருக்கும் குறைவு. மெயின் லைனில் 350 பார் வரை அழுத்தம் போகும் பம்பை அந்தச் சிறு கரன்ட்தான் ஆட்டி வைக்கிறது. வழியில் ஒரு கனெக்டரின் பின் (உள்ளே இருக்கும் உலோக ஊசி) கறுத்துப் போனால் போதும், பல வண்டிகள் பம்ப் தேய்ந்தது போலவே நடந்துகொள்ளும்.

சூடானால் மட்டும் ஏன் இந்த மந்தம் வருகிறது? காயிலுக்குள் இருப்பது செம்புக் கம்பி. சூட்டில் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும். உள்ளே எங்காவது விண்டிருந்தால் சூட்டில் விலகி, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் குளிர்ந்த காயிலில் மீட்டர் வைத்து ‘காயில் நல்லா இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. மந்தமான அந்த நிமிடத்திலேயே அளக்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். உண்மையிலேயே தேய்ந்த பம்பும் சூட்டில்தான் தன்னைக் காட்டும். ஆயில் இளகி உள்ளே கசிவு அதிகமாகும். அப்படியானால் எப்படிப் பிரித்து அறிவது? ஆபரேட்டரைக் கேளுங்கள்: பலம் படிப்படியாகக் குறைந்ததா, சட்டென்று விழுந்ததா? பம்ப் தேய்மானம் மெதுவாக இறங்கும், ஆறும்போது மெதுவாகத்தான் திரும்பும். காலை பத்து மணிக்கு ஒரு மாதிரி, பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் மோசம் என்று போகும். மின்கோளாறு சுவிட்ச் போட்டது போல வரும், போகும். வண்டி ஒரு குலுக்கு குலுங்கியதும் திடீரென உயிர் வந்தால், அது பம்ப் அல்லவே அல்ல. படிப்படியாக இறங்குகிறது, கோடும் இல்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். அப்போதும் கழற்றும் முன் பம்பின் கேஸ் டிரெய்ன் லைனில் (உள்ளே கசிந்த ஆயிலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் கழற்றுகிறவருக்கும் பம்ப் கடைக்கும் நடுவே கமிஷன் ஓடுகிறதா என்று யோசியுங்கள். நம் தொழிலில் இது ரகசியமே இல்லை.

கோமாட்சு பிசி 200 போன்ற வண்டிகளில் கேபினிலேயே எமர்ஜென்சி பம்ப் சுவிட்ச் இருக்கும். கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு வால்வுக்கு நேரடியாகக் கரன்ட் கொடுப்பது அதன் வேலை. மந்தமாக இருக்கும்போது அதைப் போட்டுப் பலம் திரும்பினால் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு மின்பக்கம். சோதித்துப் பார்க்கத்தான் அது. அதிலேயே ஷிஃப்ட் ஓட்டாதீர்கள்.

பல கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் அத்தனை சென்சாரும் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. பிரஷர் சென்சார்களுக்கு கன்ட்ரோலர் பொதுவாக 5 வோல்ட் கொடுக்கும். அவை பெரும்பாலும் அரை வோல்ட் முதல் நாலரை வோல்ட் வரை திருப்பி அனுப்பும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட்டையே கீழே இழுத்துவிடும், மற்றவையும் கூச்சலிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. மூன்று சென்சார் வாங்கி மாட்டிவிட்டு ‘இன்னும் சரியாகலை, கன்ட்ரோலர்தான்’ என்பவரிடம் ஜாக்கிரதை. பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் கன்ட்ரோலர் வெளியே ஒரே மாதிரி இருக்கும்; பார்ட் நம்பரும் உள்ளே இருக்கும் புரோகிராமும் பொருந்தாவிட்டால் காசு போனதுதான்.

அடுத்து கனெக்டர்கள். பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டு, பம்ப் பக்கத்து கனெக்டரைக் கழற்றுங்கள். பின்னில் பச்சை பூத்திருக்கிறதா? எதிர்ப்பக்கக் குழியின் வாய் அகன்றிருக்கிறதா? முன்பு யாரோ மீட்டரின் தடித்த முனையைச் சொருகியிருப்பார்கள். அது அகலமாகிவிட்டால் குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். வயரின் தோலில் ஊசி குத்திப் பார்ப்பதும் அப்படித்தான், அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு அரித்துவிடும். வாட்டர் சர்வீஸில் தண்ணீர் பீய்ச்சும் கன்னை கனெக்டருக்கு நேரே பிடிக்க விடாதீர்கள்.

எர்த்தையும் பாருங்கள். கனெக்டரைக் கழற்றிவிட்டு 24 வோல்ட் வருகிறது என்று காட்டுவது ஏமாற்று வேலை. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 24 காட்டும். லோடு ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் அந்தப் பாகத்தின் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

இதற்கெல்லாம் வயரிங் படம் வேண்டும். லட்சக்கணக்கில் விலை வைத்து வண்டி விற்கிறவர்கள் அதை மட்டும் குடும்ப நகை போலப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால் ‘டீலர் ஆள் வருவார்’ என்பார்கள். அவர் வருவதற்குள் வாடகை போய்விடும். விடாமல், எழுத்தில் கேளுங்கள்.

நாளைக்கு வண்டி மந்தமாகும்போது இரண்டே காரியம் செய்யுங்கள்: கோடுகளைப் படம் எடுங்கள், மானிட்டரின் சர்வீஸ் மெனுவில் பம்ப் வால்வுக்குப் போகும் கரன்ட் எத்தனை மில்லி ஆம்பியர் என்று எழுதி வையுங்கள். காலையில் நன்றாக ஓடும்போதும் அதே எண்ணை எழுதுங்கள். இரண்டையும் மெக்கானிக் முன் வைத்துவிட்டு, பிறகு பம்பைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.