ஒரு வருஷம் வீணாகிவிடுமா? – கடிதம்

ஐயா, வணக்கம்.

என் மகனுக்கு அக்டோபரில்தான் மூன்று வயது முடிகிறது. ஜூனிலேயே எல்கேஜியில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள் பக்கத்துப் பள்ளியில். “இப்போ விட்டா ஒரு வருஷம் வீண்” என்கிறார் மாமியார். நானும் வேலைக்குப் போகிறேன். பையன் நன்றாகப் பேசுகிறான், ஏ பி சி டி முழுக்கச் சொல்கிறான். சேர்க்கலாமா? தமிழ் வழியா, ஆங்கில வழியா என்றும் குழப்பம்.

– க., திருப்பூர்

அன்புள்ள க.,

தமிழ் வழி, ஆங்கில வழி பற்றி இங்கே நிறைய எழுதிவிட்டேன், தேடிப் படியுங்கள். ஏ பி சி டியை விடுங்கள். சோப்பு விளம்பரத்தையும்தான் முழுக்கச் சொல்வான்.

“ஒரு வருஷம் வீண்” என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது சேர்த்தால் பதினாறரை வயதில் பிளஸ் டூ முடிப்பான். முடித்து என்ன செய்யப் போகிறான்? அதுவரைகூடப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் பையன் யுகேஜி முடிக்கும்போது அவனுக்கு ஐந்து ஆகியிருக்காது. இன்று வாருங்கள் வாருங்கள் என்கிற அதே பள்ளி அன்று “இன்னொரு வருஷம் யுகேஜியிலயே இருக்கட்டும்” என்று கையை விரிக்கும். முன்பென்றால் தேதியை மாற்றி எழுதிவிடுவார்கள்.

அப்படி மாற்றி எழுதப்பட்டவன் நான். அம்மா களையெடுக்கப் போக வேண்டும், அக்கா பள்ளிக்குப் போய்விட்டால் என்னைப் பார்க்க ஆளில்லை. தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. தலையைச் சாய்த்து எட்டப் பார்த்தேன். “தலைய நேரா வைடா” என்று ஓர் அதட்டல். அம்மா கெஞ்சினாள். அவர் பேனாவைத் திறந்து ஜூன் 1 என்று எழுதினார். கார்த்திகையில் பிறந்தவன் நான். (அந்த ஜூனால் பணி ஓய்வும் முன்னதாகவே வந்து சேர்ந்தது, அது வேறு கதை.)

அந்தக் காது சோதனையை இன்று கேலி பேசுகிறார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை ஒட்டித்தான் கை நீண்டு காதை எட்டும். உடம்பு தயாரா என்று உடம்பையே கேட்டார்கள். இன்றைய பள்ளிகள் கலர் பெயர் கேட்கின்றன. மணிக்கட்டில் எட்டு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு மூன்றுதான் தெரியும், மீதியெல்லாம் இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோடு நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். விரல் நுனி வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடிக்கிறது குழந்தை, அழுத்தின அழுத்தில் தாள் கிழிகிறது. டைரியில் சிவப்பு மையில் வருகிறது: ‘கவனம் போதாது’.

கவனமாம். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ வயது வரம்பாக வைத்திருக்கும் மாநிலங்களில் ஆகஸ்டில் பிறந்தவர்கள்தான் வகுப்பிலேயே சின்னவர்கள், செப்டம்பரில் பிறந்தவர்கள் பெரியவர்கள். ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு) என்று மருத்துவர்கள் முத்திரை குத்துவது அந்தச் சின்னவர்களிடம் 34 சதவீதம் அதிகம் என்று 2018-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். பத்தாயிரம் பேருக்கு 64 எங்கே, 85 எங்கே! அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் ஆகஸ்டில் பிறந்தது. என் காலத்தில் அந்தப் பெயரெல்லாம் கிடையாது, “மந்தம்” என்றார் வாத்தியார். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது நான் எப்போதும் ஒப்புக்குச் சப்பாணி.

வேலைக்குப் போவதற்காக உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் அம்மா. என் தாய்க்கும் அதே நெருக்கடிதான். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் அதற்கு எல்கேஜி எதற்கு? அங்கன்வாடியில் இரண்டு வயதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள், மதியச் சோறும் முட்டையும் உண்டு. கௌரவம் பார்க்காமல் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பிளே ஸ்கூல்தான் என்றால் ஆயா எத்தனை பேர், கழிப்பறை எவ்வளவு தூரம், மதியம் படுக்க இடமிருக்கிறதா என்று விசாரியுங்கள். “ரைட்டிங் ஸ்டார்ட் பண்ணிடுவோம் மேடம்” என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். திட்டுவதானால் என்னைத் திட்டட்டும்.