புகுந்து

கேள்வி: கொலைகாரர்களின் மனதுக்குள் புகுந்து எழுதும் தொடர்களை ஜனங்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். லட்சுமிகாந்தன், ஆளவந்தார், ஆட்டோ சங்கர் என்று சென்னையிலேயே எத்தனை வழக்குகள்! நம் இதழில் மட்டும் ஏன் இல்லை?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: யார் மனதுக்குள் புகச் சொல்கிறீர்கள்? லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போய், 1947-இல் விடுதலையானார்கள். அப்புறம்? குத்தியவன் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஆளே தெரியாதவனின் மனதை எங்கே போய்த் தேடுவது? லட்சுமிகாந்தன் நடத்திய ‘இந்து நேசன்’ என்ற வம்பு இதழின் எழுத்தின் மேல் எனக்குத் துளி மரியாதை கிடையாது. அதற்காக, குத்துப்பட்டவருக்குப் பதில் கிடைக்காமலே போனது சரியாகிவிடாது.

‘புகுந்து’ என்கிறீர்கள். நானும் புகுந்திருக்கிறேன். நிருபராகச் சேர்ந்த புதிதில், வியாசர்பாடியில் கொலையான ஒரு பையனின் வீட்டுக்குப் போட்டோ வாங்க அனுப்பினார்கள். வீடு முழுக்க அழுகை. அவன் அம்மா சுவரிலிருந்த ஒரே படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். ‘பத்திரமா குடுத்துடுப்பா’ என்றார். அச்சுக்கு அளவு குறிப்பதற்காக அலுவலகத்தில் யாரோ அதன்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுவிட்டார்கள். கோடு சரியாகக் கழுத்துக்குக் குறுக்கே. ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. முந்தானையை எச்சிலில் நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது போகவில்லை.

அந்தக் கொலைச் செய்தியில் ‘சதக் சதக் என்று குத்தினான்’ என்று எழுதியவன் நான்தான். அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை, செய்தி எழுதிய எவரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லோடு எனக்குத் தீராத பகை. இன்னொரு பகை ‘அழகி’. செத்தது பெண்ணாக இருந்தால் போதும், தலைப்பில் அழகியாகிவிடுகிறாள். அவள் என்ன வேலை பார்த்தாள், யாருக்குச் சோறு போட்டாள் என்பது நாலாம் பத்தியில்கூட வராது. ‘கள்ளக்காதல்’ பற்றிப் போன இதழிலேயே எழுதிவிட்டேன்.

ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையைப் பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவர் அனுமதி இல்லாமலே பத்திரிகை வெளியிடலாம் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகைக்காரனாக அந்தத் தீர்ப்பை நான் கொண்டாடுகிறேன். ஆனால் அந்த வழக்கில் செத்தவர்கள் ஆறு பேர். ஒரே ஒருவரின் பெயரை உங்களால் சொல்ல முடியுமா? சங்கர் என்ன பாட்டுக் கேட்டார் என்று கேட்டால் பத்துப் பேர் கை தூக்குவார்கள்.

ஆளவந்தார் வழக்கில் இறந்தவரின் பெயராவது நின்றது. ஆனால் அதுவும் ஒரு டிரங்குப் பெட்டியின் பெயராகிவிட்டது. 1952 ஆகஸ்டில் தலையில்லாத அவர் உடலோடு அந்தப் பெட்டி ரயிலேறி மானாமதுரை வரை போனது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது, கொலை செய்த மேனனுக்கு ஏழு ஆண்டு, அவர் மனைவி தேவகிக்கு மூன்று ஆண்டு சிறை. இது எல்லாருக்கும் மனப்பாடம். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, சைனா பஜார் பேனாக் கடையை ஒட்டிப் பிளாஸ்டிக் சாமான் விற்ற, தவணைக்குச் சேலை கொடுத்த ஒரு மனிதர் ஆளவந்தார். நல்லவர் என்று வாதாட வரவில்லை. நீதிமன்றத்திலேயே அவர் நடத்தை பற்றி நிறையப் பேசியாயிற்று. ஆனால் அன்று ராத்திரி அவர் வருவார் என்று வீட்டில் ஒரு மனைவி காத்திருந்தார். அந்த ராத்திரியை யாராவது விசாரித்து எழுதட்டும், நான் பத்து வாரம் இடம் தருகிறேன்.

பெரம்பூரில் அப்படி எழுதுகிறவர் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். ‘சதக்’ இருந்தால் மட்டும் நானே அடித்துவிடுவேன்.