தெருவுக்கு ஜீப் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் பூட்டியிருந்த இரண்டு வீடுகளில் திருட்டு நடந்துவிட்டது. இரவு முழுக்க ரோந்து ஜீப் சுற்ற வேண்டும் என்று ஆணையரிடம் மனு கொடுக்கப் போகிறோம். அதனால் பயனில்லை என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதாக நண்பர் சொன்னார். விளக்குவீர்களா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

மனு அவசியம் கொடுங்கள். என்ன கேட்பது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

1972-73இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி காவல்துறை துணிந்து ஒன்று செய்தது. 15 பீட்டுகளை, அதாவது ரோந்துக்காக ஒதுக்கிய பகுதிகளை, மூன்றாகப் பிரித்தது. ஐந்தில் வழக்கம்போல ஒரு கார் சுற்றியது, ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு கார்கள் சுற்றின, மீதி ஐந்தில் ரோந்தே இல்லை. அங்கும் கூப்பிட்டால் போலீஸ் வந்தது. ஓராண்டு முடிவில் திருட்டிலோ வழிப்பறியிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ரோந்து கூடியதும் நின்றதும் அங்கே குடியிருந்த பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

சில ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் நியூவர்க் (நியூயார்க் அல்ல) நகரில் காவலர்களைக் காரை விட்டு இறக்கி நடக்கவிட்டுப் பார்த்தார்கள். குற்றம் குறையவில்லை, மக்களின் பயம் குறைந்தது. இன்னொரு அமெரிக்க நகரமான மினியாபொலிஸில் தகராறு ஓயாத முக்குகளை மட்டும் பொறுக்கியெடுத்து அங்கே காவலர்களை நிறுத்தியபோது புகார் அழைப்புகளே குறைந்தன.

நம்மூரில் பீட் முறை காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. தெருமுனையில் ரோந்து வந்ததைப் பதியும் பட்டா புத்தகம் தொங்கும். காவலர் வந்து கையெழுத்திட வேண்டும். ஒரு வாரத்துக் கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும் புத்தகங்களை நானே புரட்டியிருக்கிறேன். (இப்போது பல இடங்களில் செல்பேசியில் பதிவு. அதில் அவர் வந்தது தெரியும், யாரிடம் பேசினார் என்பது தெரியாது.)

இன்னொன்று. ஜீப் வந்தால் யாரையாவது நிறுத்தும். உங்களை நிறுத்தாது. பரோட்டாக் கடையில் வேலை முடிந்து நள்ளிரவில் சைக்கிளில் திரும்பும் பையனைத்தான் நிறுத்தும். அவன் பதில் திருப்தியாக இல்லையென்றால் சந்தேகக் கேஸ்.

ஆகவே மனுவில் திருட்டு நடந்த தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். உங்கள் பீட் காவலர் யார், அவருடைய கைபேசி எண் என்ன என்று கேளுங்கள். வாரம் ஒருமுறையாவது பகலில் தெருவில் நடந்து வந்து, ஊருக்குப் போகிறவர்கள் யார் என்று அவர் விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள்.