மிக்-21 என்ன நிறம்?

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். 2025 செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, அதன் மாதிரியைச் செய்தே தீர வேண்டும் என்று என் மகன் பிடிவாதம் பிடிக்கிறான். 1:72 அளவில் (உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு) மிக்-21எம்எஃப் ரகத்தின் பாகங்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறோம். 1971 போரில் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய விமானமாக அதைச் செய்ய ஆசை. இணையத்தில் கிடைத்த வண்ண ஓவியங்களில் பச்சையும் பழுப்புமாகப் புலிவரி போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் விமானப்படையில் மிக் விமானங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். அவரோ, "வரியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளித் தகடுதான், வெயிலில் கண் கூசும்" என்கிறார். யாரை நம்புவது? காட்சிக்கு நிறுத்தியிருக்கும் விமானங்களைப் போய்ப் பார்த்தால் தெளிவு கிடைக்குமா? சின்னங்களை ஐந்து ரோட்டில் ஸ்டிக்கர் கடையில் அடித்துக்கொள்ளலாமா?

க., சேலம்.

அன்புள்ள க.,

பெரியவரிடம் நிறத்தைக் கேட்டிருக்கிறீர்கள், ஆண்டைக் கேட்கவில்லை. மிக்-21 நம் படைக்கு வந்தது 1963இல். தொடர்ந்து வந்த எஃப்எல் ரகம் 1971 வரை பூச்சில்லாத உலோக மேனியோடுதான் பறந்தது. போர் நெருங்கியபோதுதான், தரையில் நிற்கும் விமானம் மேலிருந்து பார்ப்பவனுக்குப் பளிச்சென்று தெரியுமே என்று அவசர அவசரமாகப் பூசினார்கள். மேலிடத்திலிருந்து ஒரே வரைபடம் வந்து எல்லோரும் அதன்படி பூசியதாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும், அதாவது விமானப் படைப்பிரிவுக்கும், ஒரு பாணி. கையில் கிடைத்த பெயின்ட், கைக்கு வந்த வளைவு. ஆகவே 1969இல் பணியில் இருந்தவர் வெள்ளி என்பார், 1971 டிசம்பரில் இருந்தவர் வரி என்பார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

அதனால் 'மிக்-21' என்று பொதுவாக எதையும் செய்ய உட்காராதீர்கள். வால் பக்கம் இன்ன எண் எழுதிய விமானம், இன்ன மாதத்தில் இருந்தபடி என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த எண்ணுக்குத் தேதி தெரிந்த புகைப்படம் இல்லையென்றால், புகழ் குறைந்த வேறொரு எண்ணுக்கு மாறிவிடுங்கள். மகனுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் பாதி ஊகமாக ஒரு வீர விமானத்தைச் செய்வதைவிட, சாட்சி உள்ள சாதாரண விமானத்தைச் செய்வதே எனக்குப் பிடிக்கும்.

நிறத்துக்கு முன்னால் பெட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவைத் தாக்கிய 28ஆவது ஸ்குவாட்ரனின் மிக்குகள் எஃப்எல் ரகம். நீங்கள் வாங்கியிருப்பது எம்எஃப். எஃப்எல்லின் முதுகு மெலிந்தது, உங்களுடையது புடைத்தது. எஃப்எல் இறக்கையின் அடியில் ஆயுதம் தொங்கவிட இரண்டே இடங்கள், எம்எஃப்பில் நான்கு. எம்எஃப்பின் வயிற்றுக்குள் இரட்டைக் குழல் பீரங்கி உண்டு. எஃப்எல்லுக்கு உள்ளே பீரங்கியே கிடையாது, வேண்டுமானால் வெளியே ஒரு கூட்டில் வைத்துத் தொங்கவிட வேண்டும். விமானியின் கண்ணாடி மூடி திறந்திருக்கும் படம் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். எஃப்எல்லில் அது முன்னோக்கி எழும்பும், எம்எஃப்பில் பக்கவாட்டில் சாயும். இதையெல்லாம் அரம் போட்டுச் சரிசெய்ய முடியாது. டாக்காதான் வேண்டுமென்றால் எஃப்எல் பெட்டி ஒன்றைத் தேடுங்கள். இல்லையென்றால், எம்எஃப்புக்கு நெருங்கிய உறவான மிக்-21எம் 1970களில் நம் படையில் சேர்ந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வண்ண ஓவியங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. ஓவியர் பார்த்தது பெரும்பாலும் ஒரு பக்கத்துப் புகைப்படம் ஒன்றை. மறுபக்கத்தையும் இறக்கையின் மேற்புறத்தையும் அவரே நிரப்பிக்கொள்கிறார். பிறகு வருகிறவர் அதைப் பார்த்து வரைகிறார். மூன்று ஓவியங்கள் ஒத்துப்போகின்றன என்றால் மூன்று சாட்சிகள் என்று பொருளில்லை.

புகைப்படத்தை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். பக்கவாட்டில் நேராக எடுத்த படம் என்றால் அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. எஃப்எல்லின் பின்சக்கர டயருக்கு விட்டம் 800 மில்லிமீட்டர். பாரத்தில் அடிப்பக்கம் சற்று நசுங்கியிருக்கும் என்பதால் டயரைக் கிடைமட்டமாக அளக்க வேண்டும். படத்தில் அது 16 மில்லிமீட்டர் என்றால் படம் ஐம்பதில் ஒன்று. அதே படத்தில் எண்ணின் உயரம் 9 மில்லிமீட்டர் இருந்தால் உண்மையில் 45 சென்டிமீட்டர், உங்கள் மாதிரியில் 6.25 மில்லிமீட்டர். சக்கரத்துக்கும் எண்ணுக்கும் கேமராவிலிருந்து தூரம் சற்றே மாறும், 1:72இல் அது பாதகமில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் திட்டுகளை வைத்து நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். வானத்தைக் கறுப்பாகக் காட்ட அன்றைய புகைப்படக்காரர்கள் மஞ்சள், ஆரஞ்சு ஃபில்டர் போடுவார்கள். ஆரஞ்சு ஃபில்டரில் நம் வட்டச் சின்னத்தின் வெளிவளையக் காவி வெளுத்து வெள்ளையோடு கலந்துவிடும், நடுவிலுள்ள பச்சை இருண்டுவிடும். ஃபில்டர் இல்லாவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகக்கூட விழலாம். படம் சொல்வது எல்லையை: வரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, தூரிகையால் பூசியதா, தெளித்ததா. நிறத்துக்கு வேறு சாட்சி வேண்டும்.

காட்சி விமானங்களைப் போய்ப் பாருங்கள். பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகம் ஒரு நாளில் போய் வரக்கூடியதுதான். வடிவம், தகடுகளின் இணைப்பு, சக்கரக் குழியின் உள்பக்கம் ஆகியவற்றுக்கு நேரில் பார்ப்பதைவிட நல்ல வழியில்லை. பூச்சை மட்டும் நம்பாதீர்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானத்துக்கு அவ்வப்போது மேலுக்கு மேல் பெயின்ட் அடிக்கிறார்கள். அடிக்கிறவருக்கு 1971 கவலை இல்லை, துருதான் கவலை.

ஸ்டிக்கர் கடை வேண்டாம். வினைல் ஸ்டிக்கரின் தடிமன் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர். 72 மடங்கு பெருக்கினால் விமானத்தின் மேல் ஏழு மில்லிமீட்டர் பலகையை ஒட்டியதுபோல் ஆகும். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் டெகால் தாள்தான் சரி. ஆனால் வீட்டு, அலுவலகப் பிரிண்டரில் வெள்ளை மை இருக்காது. ஒளிபுகும் தாளில் அடித்த காவி, பச்சைப் பூச்சின் மேல் ஒட்டியதும் சேறாகிவிடும். வெள்ளை வட்டத்தை முதலில் பெயின்ட்டால் போட்டு அதன்மேல் ஒட்டுங்கள். ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்ததுபோல் மினுங்கும். நான் இருக்கும் ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகைப் பனியில் பளபளப்பு வார்னிஷ் காய்வதற்குள் பால் பூத்துவிடுகிறது. அந்த மாதங்களில் நான் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாபேட்டை வெயிலில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசியாக, பெரியவர். விமானி பறந்ததை நினைவில் வைத்திருப்பார், பூச்சை நினைவில் வைத்திருப்பவர் அதைத் துடைத்தவர்தான். ஆகவே அவர் உங்களுக்குப் பெரிய கொடை. "பச்சையா, வெள்ளியா?" என்று மறுபடி கேட்காதீர்கள். எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார், ஏறும்போது எங்கே கால் வைப்பார்கள், எண்ணெய் எங்கே வழியும், எந்த இடத்தில் பெயின்ட் முதலில் உரியும் என்று கேளுங்கள். ஆல்பம் இருந்தால் இரவல் கேட்காமல் அவர் வீட்டிலேயே, அவர் எதிரிலேயே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் எடுங்கள். தேதி பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.