ஐரோலிக்கு வரும் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் நவி மும்பையில் வேலைக்குச் சேர்வதாகவும், இரண்டு சர்வர் ஃபார்ம்களை (சர்வர்கள் வரிசையாக நிற்கும் கூடங்களை) ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எம்பிஎல்எஸ் கோருடன் (பாக்கெட்டில் லேபிள் ஒட்டி நகர்த்தும் நடு நெட்வொர்க்குடன்) இணைப்பதுதான் முதல் வேலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படித்தது போதுமா, இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டீர்கள். நான் கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்து 17 வருஷம் ஆகிறது. இந்தி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

அலுவலகத்துக்குள் இந்தி இல்லாமலே ஓட்டிவிடலாம். ராத்திரி 2 மணிக்கு கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, ஃபைபர் ஒட்ட வருகிற ஆள், ஜேசிபி ஓட்டுகிறவர், இவர்களிடம்தான் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் வேலை பாதி இவர்கள் கையில். தப்பும் தவறுமாகப் பேசுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். வீட்டை ஐரோலி, ரபாலே, கன்சோலி பக்கம் பாருங்கள். தானே–வாஷி டிரான்ஸ்ஹார்பர் ரயில் இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம், ஒரு மாத வாடகை தரகு, 'பேச்சலரா?' என்ற கேள்வி, மூன்றுக்கும் தயாராக வாருங்கள். சின்ன வெங்காயத்துக்கும் முருங்கைக்கீரைக்கும் மாட்டுங்கா இருக்கிறது. சரி, வேலைக்கு வருவோம்.

எம்பிஎல்எஸ் என்றதும் பயப்பட வேண்டாம். உங்கள் சர்வருக்கு லேபிள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சர்வர் ஃபார்மின் ஃபயர்வாலோ ரூட்டரோ சாதாரண ஐபி பாக்கெட்டைத்தான் நிறுவனத்தின் ஓரத்தில் நிற்கும் பிஈ ரூட்டருக்குக் கொடுக்கும். ஒரே ஃபைபரில் வாடிக்கையாளருக்கு ஒரு விலான் (தனித் தடம்), பிஈயில் அவருக்கென்று ஒரு விஆர்எஃப் (தனி ரூட் அட்டவணை), இரண்டு பக்கமும் ரூட்களைச் சொல்லிக்கொள்ள நடுவில் பிஜிபி. லேபிள் ஒட்டுவது பிஈ. உள்ளே இருக்கிற பி ரூட்டர்கள் லேபிளை மட்டும் பார்த்துத் தள்ளிவிடும், வாடிக்கையாளரின் ஒரு ரூட்டைக்கூட அவை வைத்திருப்பதில்லை. இங்கே லோக்கல் ரயில் ஏறும்போது இண்டிகேட்டரில் தானேக்கு ஒரு எழுத்து, கல்யாணுக்கு ஒரு எழுத்து என்று பார்ப்பீர்கள். பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று சிக்னல் கேட்பதில்லை. கிட்டத்தட்ட அப்படித்தான்.

நீங்கள் அனுப்பிய திட்டத்தில் ஒரு இடறல் இருக்கிறது. இரண்டு சர்வர் ஃபார்முக்கும் ஒரே ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) போட்டிருக்கிறீர்கள். ஒரு ஃபார்மின் ரூட் கோர் வழியாக அடுத்த ஃபார்முக்கு வரும்போது, பாதையில் தன் எண்ணையே பார்த்த ரூட்டர், 'இது சுற்றி வந்தது' என்று எறிந்துவிடும். பிஜிபி அமர்வு பச்சையாக நிற்கும், ரூட் இருக்காது. பிஈ பக்கம் ஏஎஸ் ஓவர்ரைடு போடச் சொல்லலாம், பாதையில் உங்கள் எண் இருக்கிற இடத்தில் அது நிறுவனத்தின் எண்ணைப் போட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு ஃபார்மும் இரண்டு பிஈயில் தொங்குவதால், ரூட் எந்த ஃபார்மிலிருந்து கிளம்பியது என்று குறிக்கும் சைட் ஆஃப் ஆரிஜினும் சேர்த்துப் போடாவிட்டால் ரூட் சுற்றி வந்து உங்களையே கடிக்கும். என்னைக் கேட்டால் இரண்டு எண் கொடுத்துவிடுங்கள். தனியார் உபயோகத்துக்கென்று 64512 முதல் 65534 வரை கிடக்கிறது, கஞ்சத்தனம் எதற்கு?

அப்புறம் 8 பைட் கதை. என் இரண்டாவது வருஷம் ஒரு சர்வர் ஃபார்மை இணைத்தோம். பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கிற சோதனைப் பாக்கெட்) போனது, லாகின் பக்கம் திறந்தது, கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். காலையில் போன்: பெரிய ஃபைல் எதுவும் நகரவில்லை. மூன்று நாள் ஃபயர்வாலைத் திட்டினோம். கடைசியில் சர்வர் ஹாலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு (மும்பையில் நான் ஸ்வெட்டர் வாங்கியதே அதற்குத்தான்), துண்டாக்காதே என்ற பிட்டோடு பிங் அளவை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். 1464-க்குப் பதில் வந்தது. 1465-க்கு மூச்சே இல்லை. 1464-உடன் தலைப்பு 28 சேர்த்தால் 1492. லேபிள் ஒன்றுக்கு 4 பைட், விபிஎன் என்றால் இரண்டு லேபிள். அந்த 8 பைட்டும் சேர்த்தால் 1500. கோருக்குள் ஏதோ ஒரு லிங்க்கில் எம்டியூவை (ஒரே துண்டாகப் போகும் பாக்கெட்டின் உச்ச அளவை) 1500-இலேயே விட்டுவைத்திருந்தார்கள். பாக்கெட் பெரிது என்று சொல்ல வேண்டிய ஐசிஎம்பி செய்தியை எங்கள் ஃபயர்வாலே தடுத்திருந்தது, அதனால் திட்டியதும் முழுக்க வீண் இல்லை. இப்போதெல்லாம் 1472 பிங் (தலைப்போடு முழு 1500) போகாமல் நான் எந்த லிங்க்கையும் கையெழுத்துப் போட்டு வாங்குவதில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி ரோட்டில் இருக்கிறது. வேறொரு கட்டடத்துக்கு இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு லிங்க் வாங்கியிருந்தோம். படத்தில் ஒன்று வடக்கு வாசல், ஒன்று தெற்கு. ஒரு மே மாத மதியம் இரண்டும் ஒரே நிமிடத்தில் செத்தன. ஓடிடிஆர் (ஃபைபர் எத்தனை தூரத்தில் அறுந்தது என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் இரண்டிலும் வெட்டு கிட்டத்தட்ட ஒரே தூரம். நடந்து போனேன். குழிக்குள் குடிநீர்க் குழாய் வேலை. பக்கத்தில் ஒரே டக்ட் (கேபிள் போகும் குழாய்), அதற்குள் இரண்டு நிற கேபிள், இரண்டும் பல்லைக் காட்டிக்கொண்டு. வாசல்தான் இரண்டு, கட்டடத்துக்கு வெளியே 300 மீட்டர் தள்ளிப் பாதை ஒன்றுதான். இரண்டாவது நிறுவனம் முதலாவதிடமே டக்ட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே சேர்ந்த முதல் வாரமே இரண்டு பாதைக்கும் வரைபடம் கேளுங்கள். பிஈ எந்தக் கட்டடத்தில், எந்த மேன்ஹோல் வழியாக என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தே பாருங்கள். பாதை மாற்ற வேண்டுமென்றால் மழைக்கு முன்னாலேயே கிளப்புங்கள். ஜூன் பிறந்துவிட்டால் ரோடு தோண்ட அனுமதி சாதாரணமாகக் கிடைக்காது, நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

கட்டடத்துக்குள் போகும்போது லேப்டாப் சீரியல் எண்ணை கேட்டில் எழுதிக்கொள்வார்கள். பையில் உதிரி எஸ்எஃப்பி (ஃபைபரைச் சொருகுகிற சின்ன மாட்யூல்) இருந்தால் அதற்கும் கேட் பாஸ் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே வரும்போது திருடன் மாதிரி நிற்க வேண்டியிருக்கும். சனி இரவு மாற்றம் என்றால் ஞாயிறு மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது) எந்தப் பாதையில் என்று பார்த்து வையுங்கள், வீடு திரும்ப ரயில் வேண்டுமல்லவா. கட்டடம் எது என்று எழுதுங்கள். மஹாபே பக்கம் என்றால் அந்த ரோட்டு மேன்ஹோல்கள் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.