நிறுத்தி வைத்த காரில் பெட்டரி இறங்கினால்: ஆல்டர்னேட்டரை மாற்றுமுன் அளந்து பார்க்க வேண்டியவை

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது ஆல்ட்டோ 800 கார். மூன்று மாதங்களுக்கு முன்தான் புதிய பெட்டரி போட்டேன். ஆனாலும் இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் அடுத்த காலை ஸ்டார்ட் ஆவதில்லை; ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இரவில் ஓட்டும்போது டேஷ்போர்டில் பெட்டரி விளக்கு மிக மங்கலாக எரிவது தெரிகிறது. கராஜில் ஆல்டர்னேட்டரை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே எதையாவது பார்க்க முடியுமா?"

முடியும். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் சில நாள் பொறுமையும் போதும். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பெட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம். உங்கள் கடிதத்தில் இரண்டு அறிகுறிகள் சேர்ந்து வருகின்றன: நிறுத்திய காரில் பெட்டரி இறங்குகிறது, ஓடும் காரில் விளக்கு மங்கலாக எரிகிறது. இவை தனித்தனியே வந்தால் பல காரணங்கள் இருக்கலாம். ஒன்றாக வந்தால், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் பழுதாகியிருக்கலாம் என்பதையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் சந்தேகத்தை நம்பிப் பணம் செலவழிக்கக் கூடாது. அளந்து உறுதி செய்ய வேண்டும்.

தொடங்குமுன் காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்கு அடியில் கல் வையுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். பெட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும் என்பதால் அருகில் சிகரெட்டோ நெருப்போ கூடாது. டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்ட வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, இன்ஜின் ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்த நொடியில் எழும் மின்னழுத்தம், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் இன்ஜின் கம்பியூட்டரையும் எரித்துவிடக்கூடும். யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

முதல் சோதனை மாலையில். காரை அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சாவியை எடுத்துக் கதவுகளைப் பூட்டி, ஒரு மணி நேரம் கழித்து மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்துப் பெட்டரியின் இரு முனைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டை எரியவிடச் சொல்வதற்குக் காரணம், சார்ஜ் ஏறிய கையோடு அளந்தால் மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதே. 12.6 வோல்ட் என்றால் பெட்டரி நிறைந்திருக்கிறது, 12.4 ஏறக்குறைய முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யாமல் மீண்டும் அளந்து பாருங்கள். மாலையிலேயே 12.2 தான் என்றால், ஓடும்போது போதிய சார்ஜ் ஏறவில்லை. மாலையில் 12.6 ஆக இருந்து காலையில் 12.3 ஆகிவிட்டால் இரவில் எங்கோ மின்சாரம் கசிகிறது, அல்லது பெட்டரியே தாங்கவில்லை. இந்த இரண்டில் எது என்று அறிய, அடுத்த இரவு நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். அப்படியும் அளவு இறங்கினால் குற்றம் பெட்டரியில். இறங்காமல் நின்றால் காரில். பெரும்பாலான வீண்செலவை இந்த மூன்று அளவுகளே தடுத்துவிடும்.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது நல்லது. பிறகு ஹெட்லைட், வைப்பர், புளோவர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்றில் பிடிக்க ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்; 13.5க்குக் கீழே போகக் கூடாது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, பெட்டரி கொதித்துவிடும். 12.5லேயே நின்று மெல்லக் குறைந்துகொண்டு வந்தால் சார்ஜே ஏறவில்லை. அப்போது பெல்ட்டைப் பாருங்கள். மழைக்கால அதிகாலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கீச்சென்று சத்தம் வந்தால், அது தளர்ந்தோ தேய்ந்தோ வழுக்குகிறது. பிறகு ஃபியூஸ். அதற்குப் பின்தான் ஆல்டர்னேட்டரின் காபன் பிரஷ்.

இணைப்புகளைச் சோதிப்பதும் எளிது. ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் தடித்த வயர் நட்டு போட்டுப் பூட்டியிருக்கும் போல்ட்டில் மீட்டரின் ஒரு முனையையும், பெட்டரியின் பொசிட்டிவில் மறு முனையையும் வையுங்கள். இன்ஜின் ஓடி விளக்குகள் எரியும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரிலோ முனையிலோ தடை இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பெட்டரியின் நெகட்டிவிற்கும் இடையே 0.2க்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. மூடுபனியும் தூறலும் ஓயாத நம் பிரதேசத்தில் டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பது சாதாரணம். வயர்களைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். அந்தத் தண்ணீர் பெட்டரிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் முதலில் சந்தேகித்த இடம். ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்யும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குபவை டயோட்கள். இவை ஒருவழிக் கதவு போன்றவை. மின்சாரம் பெட்டரியை நோக்கிப் போகலாம், திரும்பி வரலாகாது. ஒரு டயோட் கசியத் தொடங்கினால், இன்ஜின் நின்றபின் பெட்டரியிலிருந்து மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குள் திரும்பிப் பாய்கிறது. கசிவு 0.5 அம்பியர் என்றால் இரண்டு நாளில் 24 அம்பியர்-மணி போய்விடும். உங்கள் காருக்குரிய 35 அம்பியர்-மணிப் பெட்டரியில் அதற்குப் பிறகு ஸ்டார்ட்டரைச் சுழற்றப் பலம் இராது. இதில் கவனிக்க வேண்டியது, ஒரு டயோட் மட்டும் கெட்ட ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14 வோல்ட் காட்டக்கூடும். கராஜில் "சார்ஜ் சரியாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாரத்திற்கொரு முறை பெட்டரியைக் குறைசொல்வது இதனால்தான் நடக்கிறது.

இதற்குக் கருவி வேண்டாத ஒரு சோதனை உண்டு. இரவு முழுதும் குளிரில் நின்ற காரின் பொனட்டை விடியற்காலையில் திறந்து, சாவி போடாமலே ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் புளொக் சில்லென்றிருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் இளஞ்சூடாக இருந்தால் டயோட் கசிகிறது. கசிவு சிறிதானால் கைக்குத் தெரியாது. அப்போது நெகட்டிவைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரையும் சிறிய பிளக்கையும் எடுத்துவிட்டு, வயர் முனையை இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றி, மீண்டும் நெகட்டிவைப் பூட்டி இரவு விட்டுவிடுங்கள். இந்த நிலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. காலையில் வோல்ட் இறங்காமல் இருந்தால் கசிவு ஆல்டர்னேட்டரில்தான். மீட்டரை ஏ.சி. (மாறுமின்னோட்ட) அளவில் வைத்து டயோட்டைச் சோதிக்கலாம் என்றும் சொல்வார்கள். ஓடும் இன்ஜினில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோட் பழுது என்பது சரியே. ஆனால் மலிவான மீட்டர்கள் பலவற்றில் ஏ.சி.யின் மிகக் குறைந்த அளவே 200 வோல்ட். சிலவற்றில் நின்ற காரின் பெட்டரியே 20க்கு மேல் காட்டும். அத்தகைய மீட்டரில் இந்தச் சோதனை பயன்படாது.

ஆல்டர்னேட்டரின் வயர்களைக் கழற்றி வைத்த இரவிலும் வோல்ட் இறங்கினால் கசிவு வேறிடத்தில். மீட்டரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய நெகட்டிவ் வயருக்கும் பெட்டரி முனைக்கும் நடுவில் இணையுங்கள். சாவியைத் தொடாமல் அரை மணி நேரம் விட்டபின் 50 மில்லி அம்பியருக்கு மேல் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது அளவு குறைகிறது என்று பாருங்கள். பின்னாளில் பூட்டிய பாட்டு செட், அலாரம், அணையாத டிக்கி விளக்கு ஆகியவையே அடிக்கடி அகப்படுகின்றன.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். சரிவில் உருட்டி எடுப்பது மலையகத்தில் கைவந்த பழக்கம். ஆனால் இன்ஜின் ஓடாத காரில் பிரேக்கிற்குரிய வெக்யூம் உதவி இராது. ஓரிரு முறை மிதித்தபின் பெடல் கல்லாகிவிடும். தேயிலைத் தோட்டப் பாதையின் வளைவில் அது உயிருக்கு ஆபத்து. அத்துடன், முற்றாக இறங்கிய பெட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டரின் வேலையன்று. தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குப் போய்வரும் சிறு ஓட்டத்தில், அதிலும் பனிமூட்டத்தில் விளக்குகளைப் போட்டுப் போகையில், அது நிரம்பாது. சார்ஜரில் போட்டு இரவு முழுதும் மெதுவாக ஏற்றுங்கள். ஜனவரி, பெப்ரவரி மாதக் குளிரில் பெட்டரியின் திறனும் குறையும், இன்ஜின் ஒயிலும் தடிக்கும். கோடையில் சமாளித்த பெட்டரி அப்போது கைவிடும்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: அவற்றில் ஆல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பெட்டரியிலிருந்து கன்வேட்டர் வழியாகத்தான் சிறிய 12 வோல்ட் பெட்டரி சார்ஜ் ஏறுகிறது. அங்கே செம்மஞ்சள் நிற வயர்களில் உயர் மின்னழுத்தம் இருப்பதால் வீட்டில் கை வைக்கக் கூடாது.

உங்கள் சோதனையில் டயோட் பழுது என்று உறுதியானால், எழுதிய அளவுகளுடன் ஆல்டர்னேட்டரைப் பிரித்து வேலை செய்யும் வாகன மின்திருத்துநரிடம் போங்கள். டயோட் தட்டு, ரெகுலேட்டர், காபன் பிரஷ், பெயரிங் ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றலாம். உள்சுருள் கருகியிருந்தால் மட்டுமே முழு ஆல்டர்னேட்டரை வாங்குவது நியாயம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பூட்டிய அன்றிரவு மாலை, காலை அளவுகளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். பலமுறை முற்றாக இறங்கிய உங்கள் புதிய பெட்டரி ஓரளவு பலமிழந்திருக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றியபின் ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், உத்தரவாத அட்டையுடன் வாங்கிய கடைக்கே அதைக் கொண்டு செல்லுங்கள்.