தலைகீழாகத் தெரியும் கோபுரம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன். கோவையில் கல்யாண ஃபோட்டோகிராஃபராக இருக்கிறேன், எல்லாம் டிஜிட்டல்தான். தொழிலை விட்டுவிட்ட ஒரு ஸ்டூடியோக்காரரிடமிருந்து நாலுக்கு ஐந்து அங்குல ஃபீல்டு கேமரா ஒன்றும், 150 எம்எம் லென்ஸும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷீட் ஃபிலிம் பிடிக்கும் சில ஹோல்டர்களும் வாங்கினேன். கோயில்களை எடுக்க வேண்டும் என்பது ஆசை. லென்ஸைச் சாய்க்கும் டில்ட், பக்கவாட்டில் திருப்பும் ஸ்விங், ஷைம்ஃப்ளுக் விதி என்று தேடித் தேடிப் படித்ததில் குழப்பம்தான் மிச்சம். கேமராவின் பின்பக்கம் ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது, இடம் வலமும் மாறிவிடுகிறது. முதலில் எடுத்த நாலு ஷீட்டில் ஒன்று முழுக்கக் கறுப்பு. ஒன்றில் எதுவுமே இல்லை. ஒன்றில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம். நாலாவது மட்டும் தேறியது. ஃபிலிம் விலையை நினைத்தால் அடுத்த ஷீட்டைத் தொடவே பயமாக இருக்கிறது. “கோபுரத்தை கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷத்தில் நிமிர்த்திவிடலாமே, இது எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

ஃபிலிம் பெட்டியைக் கொஞ்ச நாளைக்கு அலமாரியில் வையுங்கள். இந்தக் கேமராவில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பங்கு அந்தத் தேய்த்த கண்ணாடியில் இருக்கிறது. அதைப் பார்க்கக் காசு கிடையாது.

முதலில் உங்கள் ஷீட்டுகள். முழுக்கக் கறுத்துப்போனதில் வெளிச்சம் கொட்டியிருக்கிறது. ஃபோகஸ் பார்க்கத் திறந்த ஷட்டரை மூடாமலே, ஹோல்டரில் ஃபிலிமை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவியிருப்பீர்கள். எதுவுமே இல்லாததில் வெளிச்சமே படவில்லை. ஸ்லைடை உருவ மறந்திருக்கலாம், அல்லது ஷட்டரின் ஸ்பிரிங்கை ஏற்றாமல் கேபிள் ரிலீஸை அழுத்தியிருக்கலாம். இரண்டு படம் விழுந்தது, ஹோல்டரில் எடுத்து முடித்த பக்கத்தையே மறுபடி நீட்டியதால். ஸ்லைடின் பிடி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் ஃபிலிம் புதுசு. படம் எடுத்தபின் கறுப்பு வெளியே தெரியும்படி திருப்பிச் செருக வேண்டும். வெள்ளைப் பக்கத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ள. மூன்றுமே வரிசை தப்பியதால் வந்தவை. பார்வையிலோ ரசனையிலோ குறையில்லை.

வரிசை இதுதான்: ஷட்டரைத் திற, ஃபோகஸ் பார், ஷட்டரை மூடு, அப்பர்ச்சர் (லென்ஸின் துவார அளவு) வை, ஷட்டரை ஏற்றி வெறுமனே ஒரு தடவை அடி, மறுபடி ஏற்று, ஹோல்டரைச் செருகு, ஸ்லைடை உருவு, அழுத்து, கறுப்பு வெளியே வர ஸ்லைடைப் போடு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே காலி ஹோல்டரை வைத்துப் பழகுங்கள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடக்கும்போது அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் வண்டியை நிறுத்தி எட்டுக்குப் பத்து கேமராவை அவசரமாக நிறுத்தினார். நிலா மேலே, கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு மனதில் இருந்தது, அதை வைத்தே எக்ஸ்போஷர் கணக்கிட்டார். இரண்டாவது ஷீட்டுக்காக ஹோல்டரைத் திருப்பி ஸ்லைடை உருவுவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. கை தானாக வேலை செய்ததால்தான் அந்த ஒரு நெகட்டிவாவது கிடைத்தது.

சரி, கண்ணாடிக்கு வருவோம். வீட்டு வாசலில் டிரைபாடைப் போட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, எதிர்வீட்டைப் பாருங்கள். முதலில் இருட்டாகத்தான் இருக்கும். கண் பழகப் பழக ஓரங்கள் தெரிய ஆரம்பிக்கும். அவசரப்பட்டுத் துணியை விலக்காதீர்கள். தலைகீழாகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அது பெரிய வரம் என்றே தோன்றுகிறது. நேராகத் தெரிந்தால் ‘கோபுரம்’ என்று மனம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். தலைகீழாக இருக்கும்போது கறுப்பு எங்கே கனக்கிறது, வெளுப்பு எங்கே ஓரத்தை இடிக்கிறது, கம்பி ஒன்று மூலையில் எப்படி நுழைகிறது என்பதெல்லாம் முதலில் கண்ணில் படும். கல்யாண மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கும்போது ஓரங்களைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருந்திருக்காது. இங்கே நாலு மூலையையும் லூப் என்ற சின்ன உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அசைவுகளில் இப்போதைக்கு ஒன்றே ஒன்று போதும்: ரைஸ். கேமராவின் பின்பக்கத்தை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். கோபுரத்தின் உச்சி சட்டத்துக்கு வெளியே போகும். கேமராவை அண்ணாத்த வேண்டாம், லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்குங்கள். உச்சி கண்ணாடிக்குள் இறங்கி வரும், கோடுகள் சாயாது. எவ்வளவு தூக்கலாம் என்பது லென்ஸ் விழவைக்கும் ஒளிவட்டத்தின் அளவைப் பொறுத்தது. பல கேமராக்களில் தேய்த்த கண்ணாடியின் நாலு மூலையும் வெட்டப்பட்டிருக்கும், உடைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். படம் எடுக்கப்போகும் அப்பர்ச்சரை வைத்துவிட்டு அந்த வெட்டு வழியாக லென்ஸைப் பாருங்கள். துவாரம் முழுசாகத் தெரிந்தால் மூலைக்கு வெளிச்சம் வருகிறது. ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் தூக்கியது அதிகம்.

உங்கள் நண்பர்களுக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. அண்ணாந்து எடுத்த படத்தில் கோபுரத்தின் மேல்நிலைகள் சுருங்கி விழுகின்றன. கம்ப்யூட்டர் அந்தச் சுருங்கியதைத்தான் இழுத்து அகலமாக்குகிறது. சுதைகள் நெருக்கமாக இருக்கும் இடத்திலேயே விவரம் குறைகிறது. ரைஸில் அவை சுருங்குவதே இல்லை. டிஜிட்டலிலும் இதே மாதிரி தூக்கிக்கொள்ளும் ஷிஃப்ட் லென்ஸ் உண்டு, உண்மை. நேர்கோடு மட்டும் போதும் என்றால் அதை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 35 எம்எம் சட்டத்தைப் போலப் பதினைந்து மடங்கு பரப்புள்ள ஃபிலிம், அந்தப் பரப்பு முழுவதையும் அழுத்துவதற்கு முன்பே கண்ணால் தடவிப் பார்க்கும் வாய்ப்பு, இரண்டும் இங்கேதான் சேர்ந்து கிடைக்கின்றன.

கோயில் எடுக்க ஆசைப்படுகிற நீங்கள் லின்னேயஸ் டிரைப்பின் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை, கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி 21 நெகட்டிவாக எடுத்து ஒட்டினார். கிட்டத்தட்ட 19 அடி நீளப் படம். ஒவ்வொரு தடவையும் கேமராவின் பின்பக்கம் சுவருக்கு இணையாக இருந்தாக வேண்டும், தூரம் மாறக் கூடாது. கொஞ்சம் கோணினாலும் அடுத்த துண்டோடு வரி சேராது. இதில் டில்ட்டும் இல்லை, ஸ்விங்கும் இல்லை. இணையாக நிறுத்துவது ஒன்றுதான் வித்தை. உங்கள் தெருவில் ஒரு நீளமான செங்கல் சுவரைப் பிடித்து, வரிகள் கண்ணாடியின் கோடுகளோடு ஒட்டி ஓடும்வரை கேமராவைத் திருத்திக்கொண்டே இருங்கள். எத்தனை பொறுமை வேண்டும் என்பது அப்போது தெரியும். (தொல்லியல் துறையின் கோயில்களில் டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

டில்ட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ஃபிலிம், லென்ஸ், கூர்மையாக வரும் தளம் மூன்றையும் நீட்டினால் ஒரே கோட்டில் சந்திக்கும். ஷைம்ஃப்ளுக் விதி அவ்வளவுதான். லென்ஸை முன்னால் சாய்த்தால், காலடித் தரையிலிருந்து தொலைவுவரை ஒரே தளமாகக் கூர்மை கிடைக்கும். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் உங்கள் 150 எம்எம் லென்ஸுக்கு ஏறக்குறைய ஆறு டிகிரிச் சாய்வு போதும். புதிதாகப் பழகுகிறவர்கள் இருபது டிகிரி சாய்த்துவிட்டு ஒன்றும் தெளியவில்லை என்று தவிப்பார்கள். தூணும் தரையும் சேர்ந்து வரும் மண்டபத்தில் டில்ட் உதவாது. தரை தெளியும், கிட்டத்துத் தூணின் தலை கலங்கிவிடும். அங்கே எதையும் சாய்க்காமல் அப்பர்ச்சரை எஃப் 22, எஃப் 32 என்று மூடிக்கொள்வதே சரி. மண்டப இருட்டில் நேரம் நீளும்போது ஃபிலிம் மந்தமாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஹெச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் லைட் மீட்டர் 10 விநாடி என்றால் 20 விநாடி கொடுக்க வேண்டும்.

அப்புறம், செலவு. ஃபிலிமுக்கு முன் பிரிண்ட் போடும் கறுப்பு வெள்ளைப் பேப்பரில் எடுங்கள். ஹோல்டருக்குள் நுழையும்படி ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டால் போதும். சிவப்பு விளக்கிலேயே ஹோல்டரில் போடலாம், வெளியே எடுக்கலாம், டிரேயில் டெவலப் ஆவதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் வேகம் ஐஎஸ்ஓ ஆறு என்று வைத்துத் தொடங்குங்கள். நல்ல வெயிலில் எஃப் 22 வைத்தால் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். சிவப்பை அது பார்க்காது, குங்குமம் கறுப்பாகத்தான் விழும். வானம் வெளுத்துவிடும். கான்ட்ராஸ்ட் கடுமையாக இருக்கும், வெயில் இல்லாத பக்கமாகப் பார்த்து எடுங்கள். வரிசை கையில் படிய இதைவிட மலிவான வழி இல்லை.

பிறகு ஃபிலிமுக்குப் போகும்போது இருட்டில் ஏற்றிப் பழக அந்தக் கறுத்துப்போன ஷீட்டையே பயன்படுத்துங்கள். வெளிச்சத்தில், கண்ணை மூடி, பிறகு நிஜ இருட்டில். ஷீட்டை நிமிர்த்திப் பிடித்தால் மேலே வலது மூலையில் ஃபிலிமின் ஓரத்து வெட்டு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அப்போது ஒளி பதியும் மருந்துப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். உங்கள் ஊரில் பரவாயில்லை, சென்னையில் ஃபிலிம் மாற்றும் இருட்டுப் பையான சேஞ்சிங் பையில் கை வியர்த்து ஃபிலிமில் ஒட்டிக்கொள்ளும். ராத்திரியில் ஜன்னலை அடைத்த குளியலறையே நல்லது.

டெவலப்பர் 20 டிகிரியில் வேலை செய்யும் கணக்கில்தான் நேரம் கொடுத்திருப்பார்கள். நம் வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீர் அதைவிட மிகவும் சூடு. ஐஸை டெவலப்பருக்குள் போட்டால் அது நீர்த்துவிடும். டிரேயை ஐஸ் தண்ணீர் உள்ள பெரிய தட்டில் வைத்துக் குளிரவிடுங்கள். டெவலப் ஆவதை நிறுத்தும் ஸ்டாப், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாம் அதை ஒட்டிய சூட்டிலேயே இருக்கட்டும். கலர் ஃபிலிம் பக்கம் இந்த வருஷம் போக வேண்டாம். தேறியது என்று சொன்னீர்களே, அந்த நாலாவது ஷீட்டை ஸ்கேன் செய்து அனுப்புங்கள், ஓரத்தை வெட்டாமல் முழுசாக.